சங்கு கேட்கும், சொல்தான் கேட்காது

“கேக்குது மேடம். ஆனா புரியலை.”

24 வருடமாக ஆடியாலஜிஸ்டாக, அதாவது செவித்திறனைச் சோதிக்கிறவளாக இருக்கிறேன். என் எதிரே வந்து உட்காருகிறவர்கள் அதிகம் சொல்லும் வாக்கியம் இதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டால் உள்ளுக்குள் லேசாகச் சிரிப்பு வரும். கேட்டால் புரிய வேண்டியதுதானே, நடுவில் வேறு என்ன இருக்கிறது என்று நினைப்பேன். இத்தனைக்கும் படித்த படிப்பில் இதற்குப் பதில் இருந்தது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். அதையே ஒரு மனிதர் தன் வார்த்தையில் சொன்னபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

முதல் வருடம் ஒரு பெரியவர் வந்தார். ஓய்வு பெற்ற கணக்காளர். கூட மகள். அவர் வாயைத் திறக்குமுன் மகள் ஆரம்பித்துவிட்டாள். “அப்பாவுக்கு வேணும்னா கேக்கும், வேண்டாம்னா கேக்காது மேடம். பக்கத்து ரூம்ல நாங்க மெதுவா பேசினாக்கூட எழுந்து வந்து நிப்பார். நேருக்கு நேர் ஒண்ணு சொன்னா மட்டும் ‘ஆங்? ஆங்?’னு கேப்பார்.” பெரியவர் தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோதித்தேன். 250 ஹெர்ட்ஸ், 500, 1000 எல்லாம் கிட்டத்தட்ட நார்மல். 2000-இல் சரிய ஆரம்பித்து, 4000-இல், அதாவது உயர்ந்த ஒலியில், 60 டெசிபல் உரக்கக் கொடுத்தால்தான் கேட்டது. வழக்கமான சராசரி 500, 1000, 2000 மூன்றையும் வைத்துப் போடுவது. அப்படிப் போட்டதில் ‘லேசான குறைபாடு’ என்று வந்தது. “வயசுக்கு இது சகஜம் ஐயா, பயப்பட ஒண்ணுமில்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வாசலைத் தாண்டும்போது மகள் அவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது: “பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?” வீட்டுச் சண்டையில் என் ரிப்போர்ட் அவருக்கு எதிரான சாட்சியாகப் போய்ச் சேர்ந்தது.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று சொல்கிறோம். அந்தப் பெரியவருக்குச் சங்கு நன்றாகவே கேட்டிருக்கும். அது தாழ்ந்த, கனமான ஒலி. அவருக்குக் கேட்காதது ‘சங்கு’ என்ற சொல்லின் முதல் எழுத்து. பேச்சில் உரக்க ஒலிப்பவை உயிரெழுத்துகள். அவற்றின் பலமெல்லாம் தாழ்ந்த அலைவரிசையில். ச, த, க போன்றவற்றின் அடையாளம் பெரும்பாலும் மேலே, 2000 ஹெர்ட்ஸ் பக்கமும் அதைத் தாண்டியும் இருக்கிறது. அதுவும் கண்மூடித் திறக்கும் நேரம்தான். இலக்கணம் இவற்றுக்கு வல்லினம் என்று பேர் வைத்திருக்கிறது. எங்கள் கணக்கில் இவைதான் இருப்பதிலேயே மெலிந்தவை. கடை, தடை, படை, சடை நான்கையும் மாற்றி மாற்றிச் சொன்னால் அவர் காதுக்குள் போவது ஏதோ ஒரு ‘டை’. முதல் எழுத்தை அவர் ஊகித்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்து அறைப் பேச்சுக்கு அவர் எழுந்து வந்து நின்றதும் இதனால்தான். குரல் கேட்டது, பேச்சு பிடிபடவில்லை, என்ன விஷயம் என்று பார்க்க வந்திருக்கிறார்.

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியாவின் வாசல்பக்கம் உயர்ந்த ஒலிகளுக்கும், சுருளின் உச்சி தாழ்ந்த ஒலிகளுக்கும் என்று இடம் பிரிந்திருக்கிறது. ஒலி அதற்குள் அலையாக ஓடி, அலைவரிசைக்கு ஏற்ற இடத்தில் உச்சம் தொடுவதைக் காட்டியதற்காகத்தான் கியார்க் ஃபான் பேக்கேஷிக்கு 1961-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஒலியை வாங்கும், மெல்லிய முடி போன்ற முனையுள்ள முடிச்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000. போனது முளைக்காது. வயதானாலும் சரி, இரைச்சலில் வேலை பார்த்தாலும் சரி, முதலில் அடி வாங்குவது பெரும்பாலும் வாசல்பக்கம்தான்.

சோதனைக்கு வருகிறேன். வெளியிலிருந்து பார்க்க எளிதான வேலை. ஆள் ஒலிபுகா அறைக்குள், நான் வெளியே, நடுவில் கண்ணாடி. பீப் கேட்டால் அவர் பட்டனை அழுத்த வேண்டும். பதில் வந்தால் 10 டெசிபல் இறக்கு, வராவிட்டால் 5 ஏற்று. 1959-இல் கார்ஹார்ட்டும் ஜெர்கரும் ஒழுங்குபடுத்தி எழுதிய முறையின் சாரம் இன்றும் இதுதான். ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். எனக்கு வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பத்து வயதுப் பையன் ஒருவன். எல்லா ஒலிக்கும் டாண் டாண் என்று அழுத்தினான். பாதிச் சோதனையில்தான் பார்க்கிறேன், ஹெட்போன் வயர் கருவியில் செருகப்படவே இல்லை. வெளியே வந்தவனிடம், “எப்படிடா அழுத்தினே?” என்றேன். “நீங்க குனியறப்போல்லாம் அழுத்தினேன் ஆன்ட்டி” என்றான். மூன்று விநாடிக்கு ஒரு பீப் என்று என் கை தாளத்தில் விழுந்திருந்தது, ஒவ்வொரு பீப்புக்கும் தலையும் ஆடியிருக்கிறது. அன்றிலிருந்து யாரையும் எனக்கு நேரே உட்கார வைப்பதில்லை, நாற்காலியைச் சாய்த்துத்தான் போடுவேன். இடைவெளியை ஒழுங்கில்லாமல் விடுவேன், சில சமயம் பத்து விநாடி சும்மா இருப்பேன். காலையில் முதல் ஆள் வருமுன் ஹெட்போனை என் காதிலேயே மாட்டிக் கேட்டுப் பார்ப்பது இன்றைக்கும் விடாத பழக்கம்.

இன்னொன்று, ஹெட்போனே காதை மூடிவிடுவது. வயதான அம்மா ஒருவருக்குக் காற்றுவழிச் சோதனைக்கும் (ஹெட்போனில் கொடுப்பது) எலும்புவழிச் சோதனைக்கும் (மண்டையோட்டை அதிரவைத்து நேரே உள்காதுக்குக் கொடுப்பது) நடுவே நல்ல இடைவெளி வந்தது. நடுக்காதில் கோளாறு என்று எழுதி ஈ.என்.டி. டாக்டரிடம் அனுப்பினேன். ‘நடுக்காது சுத்தமாக இருக்கிறது’ என்று ஒற்றை வரியில் திருப்பி எழுதினார். ஹெட்போன் மெத்தையின் அழுத்தத்தில் அந்த அம்மாவின் தளர்ந்த காதுத்துளை மடங்கி அடைத்திருக்கிறது. துளைக்குள் செருகும் இயர்போனில் மறுபடி செய்தபோது இடைவெளி காணாமல் போனது. இப்போதெல்லாம் சோதனைக்கு முன் காதுக்குள் விளக்கடித்துப் பார்க்கும்போதே, மடலை விரலால் அழுத்தித் துளை மூடுகிறதா என்றும் பார்த்துக்கொள்கிறேன்.

மாஸ்கிங், அதாவது ஒரு காதைச் சோதிக்கும்போது மற்றதை இரைச்சலால் மறைப்பது பற்றி ஜூனியர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: நல்ல காது பொய்ச்சாட்சி சொல்லும். எலும்புவழியில் மண்டையோட்டின் இந்தப் பக்கம் கொடுத்த ஒலி அந்தப் பக்கம் போகத் தடையே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல காதுக்கு இரைச்சல் கொடுத்து அதன் வாயை அடைக்காமல் கெட்ட காதின் கணக்கை எழுதக் கூடாது.

சரி, அந்தப் பெரியவர். ஆறு வருடம் கழித்துத் திரும்ப வந்தார். சோதனையில் வரும் கோடு இன்னும் சரிந்திருந்தது. வீட்டில் இப்போது அவ்வளவாகப் பேசுவதில்லை என்று மகளே சொன்னாள், குரலில் பழைய கோபம் இல்லை. இரண்டு காதுக்கும் காது கேட்கும் மிஷின் வைத்தோம். கம்ப்யூட்டர் போட்டுக்கொடுத்த அளவை அப்படியே ஏற்றிவிட்டு, “கேக்குதா ஐயா?” என்றேன். “கேக்குது.” கையெழுத்து வாங்கி அனுப்பினேன். மூன்று வாரத்தில் மகளிடமிருந்து போன். “டிராயர்ல வெச்சுட்டார் மேடம்.”

ஆடியாலஜிஸ்டுகளின் ஜென்ம எதிரி இந்த டிராயர்.

வரச் சொல்லிப் பேசியதில் இரண்டு தப்பு தெரிந்தது, இரண்டும் என்னுடையவை. மென்பொருள் போடும் ஆரம்ப அளவு ஒரு சராசரிக் காதுக்கானது. காதுத்துளையின் நீளமும் அகலமும் ஆளுக்கு ஆள் வேறு. மெல்லிய குழாய் ஒன்றைச் செவிப்பறைக்குப் பக்கத்தில் வைத்து, மிஷின் உள்ளே உண்மையில் எவ்வளவு ஒலி தருகிறது என்று அளக்க வேண்டும். அளந்தேன். அவருக்கு எந்த உயர்ந்த ஒலிகள் வேண்டுமோ, அங்கேதான் மிஷின் கஞ்சத்தனம் காட்டிக்கொண்டிருந்தது. தாழ்ந்த ஒலிகள் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தன. ஏற்கெனவே கேட்கும் சங்கை இன்னும் உரக்க ஊதியிருக்கிறேன்.

இரண்டாவது, என்னவெல்லாம் கேட்கப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர் குரல் அவருக்கே பானைக்குள் பேசுவதுபோல் இருந்திருக்கிறது. காகிதம் சரசரப்பது, குழாய் சொட்டுவது, தன் செருப்புச் சத்தம் எல்லாம் ஒரே நாளில் திரும்பி வந்து மேலே விழுந்திருக்கின்றன. “இத்தனை சத்தத்துலயா நீங்கல்லாம் இருக்கீங்க?” என்று என்னைக் கேட்டார். பல வருடம் அமைதியில் இருந்த மூளைக்கு எதை ஒதுக்குவது, எதைக் கவனிப்பது என்பது மறந்துபோயிருக்கும். திரும்பப் பழக வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கில்.

இப்போது நான் செய்வது இது. முதல் வாரம் வீட்டுக்குள், டிவி இல்லாமல், ஒரே ஒரு ஆளோடு எதிரெதிரே உட்கார்ந்து பேச்சு. தினம் பத்து நிமிடம் ஏதாவது ஒன்றைச் சத்தமாக வாசித்தால் தன் குரல் பழகிவிடும். அப்புறம் இரண்டு மூன்று பேர். கூட்டமும் கல்யாண வீடும் கடைசியில்தான். விருந்தாளி வரும்போது மட்டும் எடுத்து மாட்டுகிறவர்களுக்கு அது ஒருநாளும் பழகாது. கூட ஒரு ஆள் இல்லாமல் மிஷின் பொருத்தவே மாட்டேன். அந்தக் கூட வருகிற ஆளுக்குத்தான் முக்கியமான பாடம். அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டுக் கேள்வி கேட்காதீர்கள். பேர் சொல்லி, திரும்பிப் பார்த்த பிறகு ஆரம்பியுங்கள். முகத்தில் வெளிச்சம் விழட்டும். ஒரு வாக்கியம் புரியவில்லை என்றால் அதையே மூன்று தடவை உரக்கச் சொல்லாமல், வேறு வார்த்தையில் மாற்றிச் சொல்லுங்கள்.

கத்துவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். “மெதுவா பேசினா கேக்கலைங்கிறார், கொஞ்சம் சத்தமா பேசினா ஏன் கத்துறேங்கிறார்” என்ற புகார் எந்த வீட்டில்தான் இல்லை? இதில் பெரியவர்கள் மேல் குற்றம் கிடையாது. வெளி முடிச்செல்கள் மெல்லிய ஒலியை உயர்த்திக் கொடுக்கும் வேலையைச் செய்கின்றன. அவை போனால் மெல்லிய ஒலி மறைந்துவிடும், உரத்த ஒலி மட்டும் பழைய உரப்போடு அப்படியே வந்து விழும். ‘கேட்க ஆரம்பிப்பது’க்கும் ‘தாங்க முடியாதது’க்கும் நடுவில் உள்ள இடம் குறுகிவிடுகிறது. அது போக, நாம் கத்தும்போது பெருக்குவது உயிரெழுத்துகளைத்தான். ச-வைக் கத்திச் சொல்ல முயன்று பாருங்கள், தெரியும்.

மிஷின் விஷயத்தில் சின்னச் சின்ன சங்கதிகள்தான் பெரிய தொல்லை கொடுக்கும். ‘செத்துப்போச்சு’ என்று கொண்டுவரும் மிஷின்களில் பெரும்பாலும் முனையில் குறும்பி அடைத்திருக்கும். சின்ன பிரஷ்ஷால் தட்டினால் உயிர் வந்துவிடும். பட்டன் பேட்டரி காற்றில் வேலை செய்வது, அதனால்தான் மேலே ஸ்டிக்கர். உரித்தவுடன் உள்ளே போட்டு மூடாமல் ஒரு நிமிடம் காற்றில் வைத்தால் நன்றாக நிற்கும். ஸ்டிக்கர் நிறத்தை நினைவில் வைத்துக்கொண்டால் கடையில் தடுமாற வேண்டாம்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். மிஷினில் சிவப்புப் புள்ளி வலது காது, நீலம் இடது. கீச்சென்று விசிலடித்தால் அநேகமாகச் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். உட்கார்ந்தும் அடித்தால் காதில் அழுக்கு சேர்ந்திருக்கலாம், காதுக்கு அளவெடுத்துச் செய்த மோல்ட் தளர்ந்திருக்கலாம்.

பெரியவர் அப்புறம் மிஷினைக் கழற்றவில்லை. மகளும் மாறினாள் என்று சொல்ல ஆசைதான். பாதி மாறினாள்.

குழந்தைகளோடு வேலை செய்வது வேறு மாதிரி. 1978-இல் டேவிட் கெம்ப் கண்டு சொன்ன ஒரு அதிசயத்தை நாங்கள் தினம் பயன்படுத்துகிறோம். ஆரோக்கியமான காது ஒலியை வாங்குவதோடு நிற்பதில்லை, பதிலுக்கு ஒரு மெல்லிய ஒலியைத் தானே வெளியே அனுப்புகிறது. தூங்கும் சிசுவின் காதில் சின்ன முனையைச் செருகி அந்த எதிரொலியைப் பிடித்துவிடலாம். ஒரு மாதத்துக்குள் ஸ்கிரீனிங் என்ற முதல்கட்டச் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் உதவி என்பது எங்கள் வாய்ப்பாடு. “கை தட்டினா திரும்பறானே” என்று இதைத் தள்ளிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கை தட்டினால் நிழல் ஆடும், காற்று படும். அதற்கும் குழந்தை திரும்பும். ஸ்கிரீனிங்கில் தேறிவிட்டது என்பதோடும் விட்டுவிட முடியாது. காது எதிரொலி கொடுத்தும் நரம்பு வழியாகச் செய்தி ஒழுங்காகப் போகாத குழந்தைகள் உண்டு. பேச்சு பின்தங்கினால் மறுபடி கூட்டி வர வேண்டும்.

நான்கு மாதக் குழந்தையோடு ஒரு தம்பதி வந்தார்கள். குழந்தையைத் தூங்கவைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் எலக்ட்ரோடு ஒட்டி, மூளைத்தண்டின் அலைகளைப் பார்த்தேன். 90 டெசிபலிலும் இரண்டு பக்கமும் கோடு மட்டமாக ஓடியது. அம்மாவையும் அப்பாவையும் உட்கார வைத்து விளக்க ஆரம்பித்தேன். முதலில் மிஷின் வைத்துப் பார்ப்பது, பலன் போதாவிட்டால் அறுவை செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட், அப்புறம் பேச்சுப் பயிற்சி, சைகை மொழி என்று 20 நிமிடம். தெளிவாகப் பேசினோம் என்று எனக்குத் திருப்தி வேறு. மறுநாள் காலை அந்த அம்மா போன் செய்தாள். “மேடம், நேத்து நீங்க என்ன சொன்னீங்க? ரெண்டு காதும் கேக்கலைன்னு சொன்னீங்க, அதுக்கப்புறம் உங்க வாய் அசைஞ்சது. எனக்கு ஒண்ணுமே ஏறலை.”

அவளுக்கும் கேட்டிருக்கிறது, புரியவில்லை. காது நல்ல காதுதான்.

அதிலிருந்து அந்தச் செய்தியை இரண்டே வாக்கியத்தில் சொல்வேன். பிறகு வாயை மூடிக்கொள்வேன். அந்த மௌனம் நான்கு நிமிடம் நீண்டதும் உண்டு. கை தானாகக் கோப்பைப் புரட்டப் பார்க்கும், புரட்டக் கூடாது. அவர்கள் கேட்கும் முதல் கேள்விக்கு மட்டும் பதில். மற்றதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, மூன்று நாளுக்குள் மறுபடி வரச் சொல்வேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு மெஷின் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது சுலபம், இந்த நான்கு நிமிடத்தைச் சொல்லிக்கொடுப்பது கஷ்டம்.

அவசரம் என்று எங்கள் துறையில் அதிகமில்லை. ஒன்று மட்டும் உண்டு. நேற்று வரை நன்றாக இருந்த ஒரு காது, இன்று எழுந்தால் பஞ்சடைத்த மாதிரி. பெரும்பாலும் அழுக்காகத்தான் இருக்கும், சளியாகவும் இருக்கலாம். ஆனால் நரம்பு வகைச் செவித்திறன் திடீரென்று, மூன்று நாளுக்குள், விழுந்துவிடுவது உண்டு. ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது, இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். ஓர் இளைஞன் ஆறு வாரம் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் வந்தான். இசைக்கவையை நெற்றியில் வைத்தவுடன், “நல்ல காதுப் பக்கம் கேக்குது” என்றான். அடைப்பாக இருந்தால் அடைத்த பக்கம்தான் கேட்கும். எனக்கு அந்த விநாடியே தெரிந்துவிட்டது. அவனிடம் சொல்லத்தான் நேரம் பிடித்தது.

தொழிலின் அழுக்குப் பக்கமும் ஒன்று உண்டு. நடுவில் சில வருடம் ஒரு தனியார் நிறுவனத்தில் இருந்தேன். மாதத்துக்கு இத்தனை மிஷின் விற்றாக வேண்டும் என்று டார்கெட். காதில் அழுக்கோடு வந்தவருக்கும் மிஷின் பேச்சை எடுக்கச் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி உலகத்தில் சுமார் 150 கோடிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் செவித்திறன் குறைவு. அதில் 43 கோடிப் பேருக்கு மறுவாழ்வு உதவி தேவை. இத்தனை பேர் இருக்கும்போது தேவையில்லாதவரைத் தேடிப் பிடிப்பானேன் என்று கேட்டேன். பதில் வரவில்லை. நான் கிளம்பிவிட்டேன். வாங்கப் போகிறவர்களுக்கு: சோதனைக்கு முன்னால் காதுக்குள் விளக்கடித்துப் பார்க்காத இடத்தில் எதையும் வாங்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகிப் பார்க்க அவகாசம் கேளுங்கள். விலை கூடக் கூட வசதி கூடும். பொருத்துகிறவர் சரியாக அளக்காவிட்டால் அந்த வசதியால் புண்ணியமில்லை.

போன வருடம் என் வீட்டில் புகார் ஆரம்பித்தது. டிவி சத்தம் கூடுதலாம். கூப்பிட்டால் திரும்புவதில்லையாம். “நாள் முழுக்கக் காதோடயே மாரடிக்கிறே, உனக்கு என்ன வந்தது?” என்றார் கணவர். வேலைக் களைப்பு என்று சொல்லி நான்கைந்து மாதம் ஓட்டினேன். வருகிற நோயாளிகள் எல்லோரும் சொல்லும் அதே சாக்கு. அப்புறம் ஒரு மதியம், கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, என் ஜூனியரிடம் சொன்னேன். அவள் தயங்கினாள். நான் நாற்காலியைச் சாய்த்துப் போட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

கதவு மூடியதும் வரும் அந்த அமைதியை நோயாளியாக இருந்து அதுவரை கேட்டதில்லை. பீப்புகள் வந்தன. மெல்லிய ஒலிகளில், வந்ததா, நானே நினைத்துக்கொண்டேனா என்று சந்தேகம். தவறாக அழுத்திவிட்டால் என்ன நினைப்பாளோ என்று வெட்கம் வேறு. 6000 ஹெர்ட்ஸ் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்த இடத்தில் நீண்ட நேரம் ஒன்றுமே இல்லை. சும்மா இருக்கிறாள் போல, நான் சொல்லிக்கொடுத்த பத்து விநாடி போல என்று நினைத்தேன். அவள் சும்மா இருக்கவில்லை என்று அப்புறம் ஆடியோகிராமில், என் சோதனைக் கோட்டில், பார்த்தேன்.

கடைசியில் சொற்கள். குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டு, உதடு தெரியாமல் ஓர் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு, மைக்கில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பட்டியல் நான் தயாரித்ததுதான், வருடக்கணக்கில் நானே வாசித்தது.

“தடை” என்றேன்.

அவள் ஏதோ குறித்துக்கொண்டாள். கண்ணாடி வழியாக அவள் முகத்தையே பார்த்தேன். சரியா தப்பா என்று ஒன்றும் தெரியவில்லை. காட்டக் கூடாது என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அட்டையை மறுபடி உயர்த்தி அடுத்த சொல்லுக்குப் போனாள்.